கையெழுத்தும் சிரத்தையும்

மகான்கள் தொட்ட பொருளில் அவர்களுடைய சாந்நித்தியம் தங்கியிருக்கிறது என்ற நம்பிக்கை கோயில்களுக்கும் மடங்களுக்கும் மட்டும் உரியதன்று. பழைய விஞ்ஞானிகள் கைப்பட எழுதிய கடிதங்களைத் தேடிச் சேகரிப்பவர்களின் உள்ளத்திலும், அவர்கள் ஆஸ்திகராயினும் நாஸ்திகராயினும், அதே நம்பிக்கைதான் வேலை செய்கிறது. நியூட்டனின் வாசகங்கள் அச்சில் கிடைத்தாலும், அவருடைய இறகுப் பேனா தயங்கி மை திரண்டு நின்ற இடத்தைக் கண்ணால் காண வேண்டும் என்ற ஏக்கம் எனக்கும் உண்டு. அது பக்தியா, பற்றா என்பதே என்னை நெடுநாளாக வருத்தும் கேள்வி.

பிரான்ஸில் மிஷேல் ஷால் என்றொரு கணித மேதை இருந்தார். க்ஷேத்திர கணிதத்தில் அவர் செய்த ஆராய்ச்சிகளுக்காக லண்டன் ராயல் சொசைட்டி 1865-ல் காப்ளி பதக்கம் அளித்தது. நிரூபணமில்லாமல் ஒரு சிறு கூற்றையும் ஏற்காத சாஸ்திரத்தில் தலைநரைத்த அந்தப் பெரியவர், அதே காலத்தில், வ்ரேன் லூக்கா என்பவன் கொண்டுவந்த கடிதங்களைச் சுமார் எட்டு ஆண்டுகள் விலைகொடுத்து வாங்கிக்கொண்டே இருந்தார். அவை 27,000-க்கும் மேற்பட்டவை. கொடுத்த தொகை சுமார் 1,40,000 பிராங்கு. பாஸ்கலும் கலிலியோவும் எழுதியவையாக மட்டுமன்றி, கிளியோபாத்ராவும் மகதலேனா மரியாளும் எழுதியவையாகவும் கடிதங்கள் இருந்தன. அவர்களுங்கூடப் பிரெஞ்சிலேயே எழுதியிருந்தார்கள். பழைய புத்தகங்களின் வெற்றுத் தாள்களைக் கிழித்தெடுத்து, தானே தயாரித்த மையால் எழுதி, விளக்குச் சுடரில் காட்டிப் பழுப்பேற்றுவது லூக்காவின் வழக்கம்.

ஆகர்ஷண விதியை நியூட்டனுக்கு முன்பே பாஸ்கல் கண்டுவிட்டார் என்று காட்டும் கடிதங்களை, 1867-ல், ஷால் பாரிஸ் விஞ்ஞான அகாடமியின் முன் வைத்தார். அந்தக் கடிதங்களின் காலத்தில் நியூட்டன் பள்ளிச் சிறுவன் என்றும், 1637-க்குள் பார்வையை இழந்துவிட்ட கலிலியோ 1641-ல் தம் கையால் எழுதியிருக்க முடியாது என்றும் ஆட்சேபங்கள் எழுந்தன; எழுந்த ஆட்சேபங்களுக்குச் சமாதானமாகப் புதுக் கடிதங்கள் வந்து சேர்ந்தன. 1870-ல் லூக்காவுக்கு இரண்டாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

ஷால் அறிவிலி என்று சொல்லிவிட்டு நகர்வது அவருக்குச் செய்யும் அநீதி. போலித் தாள்களின் முன் அவர் கொண்ட பக்தி போலியன்று; ஆகவே சாந்நித்தியம் காகிதத்தில் குடியிருந்தது என்று சொல்லவும் வழியில்லை. இராமனின் பாதுகைகளை அரியணையில் ஏற்றிய பரதன், இந்த ராஜ்யம் தனதன்று என்பதற்கே அவற்றை அங்கே வைத்தான். ஷாலோ அக்கடிதங்கள் தமக்கும் தம் தேசத்துக்கும் உரியவை என்று மார்போடு அணைத்துக்கொண்டார். தான் பொய்யை வணங்கிவிடக் கூடாதே என்று அஞ்சுவது சிரத்தை. கையிலிருப்பது போய்விடக் கூடாதே என்று மட்டும் அஞ்சுவது மோகம்.

வேறொரு கடிதம் உண்டு. 1839-ல், மணமான புதிதில், எம்மா தம் கணவர் சார்லஸ் டார்வினுக்கு எழுதியது அது. உண்மையை அறிய மனச்சாட்சியோடு முயல்கிறவரை நெறி தவறியவர் என்று சொல்ல முடியாது என ஒப்புக்கொண்ட அந்த அம்மையார், நிரூபிக்கும்வரை எதையும் நம்பாத விஞ்ஞானப் பழக்கம், அவ்வாறு நிரூபிக்க இயலாத, மெய்யானால் நம் புத்திக்கும் அப்பாற்பட்ட விஷயங்களிலும் அவரை ஆட்கொண்டுவிடுமோ என்ற தம் கவலையை அன்போடு தெரிவித்திருந்தார். அவர் விரும்பிய நம்பிக்கைக்கு டார்வின் திரும்பவில்லை. பைபிளைத் தெய்வ வாக்காகத் தாம் ஏற்கவில்லை என்று 1880-ல் டார்வின் ஒருவருக்கு எழுதிய பதில், 2015-ல் நியூயார்க் ஏலத்தில் 1,97,000 டாலருக்கு விலைபோயிற்று. எம்மாவின் கடிதம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. தாம் இறந்த பிறகு மனைவி அறியட்டும் என்று, இதைப் பலமுறை முத்தமிட்டு அழுததாக, டார்வின் அந்தத் தாளிலேயே தம் கையால் எழுதிவைத்திருக்கிறார்.