திருத்தக் கூலியும் நியாய விலையும்

தகப்பனார் விட்டுச்சென்ற எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். காரைச் சர்வீஸ் செய்து, இரண்டு காபரேட்டர்களையும் சீராக்கி, பிறேக்கையும் கவனித்துத் தருவதற்கு ஒரு கராஜில் எஸ்டிமேட் கேட்டாராம். சொன்ன தொகை அவரைத் திடுக்கிட வைத்துவிட்டது. இது வேலைக்குச் சொன்ன விலையா, அல்லது காரைப் பார்த்துச் சொன்ன விலையா, அதை எப்படி அறிவது என்பது அவருடைய கேள்வி.

சமய வாரப் பத்திரிகைக்கு ஏற்ற கேள்விதானா இது என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஸ்போர்ட்ஸ் கார் நம்மவர்களில் எத்தனை பேரிடம் உண்டு? ஆனால் மேசனிடமும், தையற்காரரிடமும், தண்ணீர்ப் பம்பு திருத்துபவரிடமும், பல் வைத்தியரிடமும் நாம் எல்லோரும் இதே நிலையில்தான் நிற்கிறோம். அவருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. தெரியாதவன் தெரிந்தவரின் விலையை எந்த அளவுகோலால் அளப்பது?

இருவரும் சம்மதித்தால் அதுவே நியாய விலை என்று சிலர் சட்டென்று பதில் சொல்லிவிடுவர். திருச்சபையின் அறநூலார் அவ்வளவு இலேசாக விடவில்லை. 13ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் தமது இறையியற் பெருநூலில், வாங்கல் விற்றலில் நேரும் வஞ்சகத்துக்கென்றே ஒரு தனி வினாவை ஒதுக்கி, அதை நான்கு பிரிவுகளாக ஆராய்கிறார். நியாய விலை இம்மியும் பிசகாத ஒரு புள்ளியல்ல, அது ஒரு மதிப்பீடு, சிறிது கூடினாலும் குறைந்தாலும் நீதி கெட்டுவிடாது என்று அவர் ஒப்புக்கொள்கிறார். ஆகவே ஒரு கராஜில் சொன்ன தொகை மற்றக் கராஜில் சொன்னதைவிடச் சற்று அதிகம் என்பதற்காக எவரையும் கள்ளன் என்று சொல்லிவிட முடியாது.

அவருடைய இன்னொரு கூற்று நமது வாசகரின் கேள்விக்கு நேரே வந்து நிற்கிறது. பொருளைக் கைவிடுவதால் விற்பவனுக்கு உண்மையில் நட்டம் உண்டாகுமானால், அந்த நட்டத்தையும் சேர்த்து அவன் விலை கேட்கலாம். ஆனால் வாங்குபவனுக்கு அது மிகவும் தேவைப்படுகிறது என்பதற்காக மட்டும், தனக்கு நட்டம் ஏதுமில்லாதபோது, விலையை உயர்த்த அவனுக்கு உரிமையில்லை. ஏனெனில் அந்தத் தேவை வாங்குபவனுடையது. தன்னுடையதல்லாத ஒன்றை ஒருவன் எப்படி விற்பான்?

இதைக் கராஜ் வாசலில் வைத்துப் பாருங்கள். காருக்குச் செய்யும் வேலை மெக்கானிக்குடையது. அதற்கு அவர் விலை சொல்லலாம். காரின் பளபளப்பும், சொந்தக்காரரின் உத்தியோகமும், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளும், அப்பாவின் ஞாபகமாக இதை எப்படியும் ஓடவைக்க வேண்டும் என்ற ஆசையும் அவருடையவை அல்ல. பணமுள்ளவன்தானே, கொடுக்கட்டும் என்பது கராஜில் மட்டுமல்ல, நம் எல்லோர் வாயிலும் வரும் நியாயம். ஏழைக்குக் குறைத்து வாங்குவது மெக்கானிக்கின் தர்மம். அந்தத் தர்மத்தின் செலவைப் பணக்காரனுக்குத் தெரியாமல் அவனுடைய பில்லில் எழுதினால் அது தர்மமாகாது. (சுவாமிமாரின் மோட்டார் சைக்கிளுக்குக் கூலி வாங்காத மெக்கானிக்குகள் பலர் உண்டு. அது அவர்கள் தரும் காணிக்கை. அதையே வழமையான விலையாக எண்ணிவிடக் கூடாது.)

இனி, அந்தக் காரையே பார்ப்போம். எம்.ஜி.பி. கார் இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்டது. ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயர் பயமுறுத்தினாலும், அதன் 1798 சி.சி. எஞ்சின் நமது வீதிகளில் முன்பு ஓடிய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் கார்களின் எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஒயில் மாற்றுவதற்கும், பிளக் பார்ப்பதற்கும், வால்வு இடைவெளியைச் சரிசெய்வதற்கும், முன் சக்கரக் கிங்பின்னுக்குக் கிறீஸ் அடிப்பதற்கும் அபூர்வ வித்தை ஒன்றும் வேண்டியதில்லை. பழைய மொறிஸ் காரில் கைபழகிய எவரும் செய்வார். இந்த வேலைக்கும் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லி விலையை ஏற்றினால், காரணம் கேட்க நமது வாசகருக்கு உரிமை உண்டு.

இரட்டைக் காபரேட்டர் வேறு கதை. இரண்டு எஸ்.யூ. காபரேட்டர்களும் ஒரே அளவு காற்றை இழுக்கும்படி அவற்றைச் சமப்படுத்த வேண்டும். பழகிய மெக்கானிக் ஒரு றப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து, மறு நுனியை ஒவ்வொரு காபரேட்டர் வாயிலும் மாறி மாறிப் பிடித்து, இரண்டின் இரைச்சலும் ஒன்றாகும் வரை திருகாணியைத் திருப்புவார். பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கு அது சொற்ப நேர வேலை. அந்தக் காது உருவாக எத்தனை வருடம் சென்றது என்பது பில்லில் எழுதப்படுவதில்லை. யாழ்ப்பாணத்தில் 1990களில் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடும்படி எஞ்சின்களைப் பழக்கியெடுத்த மெக்கானிக்குகள் விற்றது சாமானையல்ல, நேரத்தைக்கூட அல்ல. நேரத்தை மட்டும் எண்ணிக் கூலியைத் தீர்மானிப்பவன் கெட்டிக்காரனுக்குக் குறைவாகவும், வேலை தெரியாமல் தடவிக்கொண்டிருப்பவனுக்குக் கூடுதலாகவும் கொடுக்கிறான்.

சாமான் விலையோ எளிதில் சோதிக்கக்கூடியது. இந்தக் காருக்கு வேண்டிய உதிரிப்பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. கைத்தொலைபேசியிலேயே விலையைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பவுணில் கண்ட விலையை அப்படியே ரூபாயாக்கிக்கொண்டு மெக்கானிக்கோடு சண்டைக்குப் போக வேண்டாம். அனுப்பும் கூலி உண்டு, சுங்கவரி உண்டு, இடையில் நிற்பவரின் கமிஷனும் உண்டு. 2022இல் சில மாதங்களுக்குள் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயளவுக்கு ஏறியது. அந்த ஏற்றத்துக்கு முன் விலை சொல்லிவிட்டுப் பின்பு சாமானை வரவழைத்த ஒருவர், சொன்ன சொல்லைக் காத்திருந்தால் தம் கையிலிருந்தே இழந்திருப்பார். அப்படிப்பட்ட நட்டத்துக்குப் பயந்து ஒருவர் சற்றுக் கூட்டிச் சொல்வதை, அதன் காரணத்தையும் வெளிப்படையாகச் சொல்வாராயின், அநீதி என்று நாம் சொல்லமாட்டோம்.

இதுவரை மெக்கானிக்கை விசாரித்தோம். கூண்டில் இன்னொருவரையும் ஏற்ற வேண்டியிருக்கிறது. ஏழாம் கற்பனையை வைத்து ஆத்தும சோதனை செய்யும்போது, கூட்டி விற்றதை நினைப்பவர்கள் உண்டு. அடித்துப் பேசிக் குறைத்து வாங்கியதை நினைப்பவர்கள் அரிது. அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் கெட்டித்தனம். வாங்கும்போது பொருளைப் பழித்துவிட்டு, வாங்கிக்கொண்டு போனபின் பெருமையடிக்கும் மனிதனை நீதிமொழிகள் நூலின் 20ஆம் அதிகாரம் ஒரே வசனத்தில் பிடித்துக் காட்டுகிறது. புனித அகுஸ்தீனார் திரித்துவம் பற்றிய தமது நூலில், தமக்குத் தெரிந்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறார். அவரிடம் ஒருவன் ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து, அதன் பெறுமதி தெரியாமல் மிகச் சிறிய விலை கேட்டான். அவரோ, அவன் எதிர்பாராதிருக்க, அதற்கு உரிய பெரிய விலையையே கொடுத்தார். விற்பவனின் அறியாமையும் விலைக்கு வரும் சரக்கல்ல என்பதை அவர் அறிந்திருந்தார்.

கையில் வேலையில்லாத கிழமையில், கராஜ் வாடகையும் பொடியன்களின் சம்பளமும் கொடுக்க வழியில்லாமல் நிற்கும் மெக்கானிக்கிடம் போய்ப் பாதி விலைக்குப் பேசினால், அவர் சம்மதிப்பார். 13ஆம் சிங்கராயர் பாப்பரசர் 1891இல் வெளியிட்ட 'றேரும் நொவாரும்' சுற்றுமடல் இத்தகைய சம்மதத்தைத்தான் நியாயமென ஏற்க மறுத்தது. நெருக்கடியினால், அல்லது இதைவிட மோசமானது வந்துவிடும் என்ற பயத்தினால், போதாத கூலிக்கு ஒப்புக்கொள்ளும் தொழிலாளியைப் பலவந்தத்துக்கு உள்ளானவனாகவே அது கருதுகிறது. (2025இல் தெரிவான பாப்பரசர் 14ஆம் சிங்கராயர் அந்தப் பெயரை ஏற்றதற்கு இந்தச் சுற்றுமடலையே முக்கிய காரணமாகக் குறிப்பிட்டார்.)

குறைந்த எஸ்டிமேட்டைக் கண்டு மகிழ்வதிலும் ஓர் அவதானம் வேண்டும். வேலையைப் பிடிப்பதற்காகக் குறைத்துச் சொல்லி, காரைக் கழற்றிப் போட்டபின் ஒவ்வொன்றாகக் கூட்டுபவர், முதலிலேயே கூட்டிச் சொன்னவரைவிட மோசமானவர். கழற்றிய காரை நீங்கள் வேறெங்கும் தள்ளிக்கொண்டு போக முடியாது. மறைந்திருக்கும் குறை ஆபத்தையோ நட்டத்தையோ தரக்கூடியதாயின், அதை அறிந்த விற்பனையாளன் சொல்லியே ஆகவேண்டும் என்பது புனித தோமஸின் தீர்ப்பு. மெக்கானிக் விற்பது தமது வேலையை. ஆனாலும் இந்தத் தீர்ப்பு அவருக்கும் பொருந்தும். பிறேக் சிலிண்டர் கசிவதைக் கண்டும், விலை ஏறினால் ஆள் போய்விடுவார் என்று மௌனமாக இருப்பவர் குறைந்த விலைக்குச் செய்திருந்தாலும் வஞ்சித்திருக்கிறார். அது உயிரோடு விளையாடுவது.

ஆகவே வாசகரே, அந்த எஸ்டிமேட்டை மூன்றாகப் பிரித்து எழுதித் தரும்படி கேளுங்கள். சாமானுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு, திறந்து பார்த்தபின்தான் சொல்லலாம் என்பது எது? கழற்றும் பழைய சாமானைத் திருப்பித் தரும்படியும் சொல்லுங்கள். பிரித்துச் சொல்ல மறுப்பவரைவிட, மூன்றாவதைப் பற்றித் தமக்கு இப்போது தெரியாது என்று ஒளிக்காமல் சொல்பவரை நம்பலாம். உங்களுக்கும் தம்மளவு தெரிந்திருந்தால் அவர் இதே தொகையைச் சொல்லியிருப்பாரா என்று யோசியுங்கள். நீங்கள் குறைத்துக் கேட்கும் தொகையையும் அதே தராசில் போடுங்கள். அவருடைய முடை உங்களுக்குத் தெரியாதிருந்தால் அப்படிக் கேட்டிருப்பீர்களா?

இன்னொரு கராஜிலும் கேட்டுப் பார்ப்பதில் பிழையில்லை. ஆனால் முதலாமவர் அரைநாள் காரின் கீழே கிடந்து குறைகளைக் கண்டுபிடித்து எழுதித் தந்த துண்டை, இரண்டாமவரிடம் நீட்டி இதைவிடக் குறைவாகச் செய்வீரா என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்தத் துண்டும் ஒரு வேலைதான். பார்த்துச் சொன்னதற்கு என்ன கூலி என்று முதலாமவரிடம் கேட்டு, அதைக் கொடுத்துவிட்டுக் காரை எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோங்கள்.