‘ஆண்டின் தலைசிறந்த ஆட்டம்’ – தீர்ப்பளிக்கத் தகுதி யாது?

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் மாதத்தில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே ஒரு பெரிய அவை கூடுகின்றது. அவ்வாண்டில் வெளிவந்த வீடியோ ஆட்டங்களுள் இதுவே தலைசிறந்தது என்று ஓர் ஆட்டத்தின் பெயர் அங்கே அறிவிக்கப்படுகின்றது. ‘தி கேம் அவார்ட்ஸ்’ என்னும் இவ்விழா 2014ஆம் ஆண்டு முதல் நடந்து வருகின்றது. அங்கே மாலை, இங்கே மறுநாட் காலை. ரிங்லெட்டிலும் ஹாபுவிலும் நமது லெம்பா பெர்த்தாமிலும் உள்ள இளைஞர் பலர், வேலைக்குப் புறப்படுமுன்னும், உண்மையைச் சொல்லப்புகின் வேலைக்கு நடுவிலும், கைப்பேசியில் அதனைக் கண்டு, பின்னர் இரண்டு மூன்று நாட்கள் ஓயாமல் வழக்காடுகின்றனர்.

விளையாட்டைப் பற்றிய வழக்கில் அறிவுடையோர் ஆராய்வதற்கு என்ன இருக்கின்றது என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். நாடகம் நடிப்போரைக் கூத்தாடிகள் என்று ஒதுக்கியதும், சினிமாவைக் குடிகெடுக்க வந்ததென்று தூற்றியதும் இதே வாய்தான். அதற்கு விடை கூறிக் காலங்கழிக்க நாம் விரும்பவில்லை. நமது கேள்வி வேறு. ஒரு பொருளைச் ‘சிறந்தது’ என்று பலரறியச் சொல்லும் உரிமை ஒருவனுக்கு எதனால் வருகின்றது? படிப்பினாலா, பணத்தினாலா, கூட்டத்தின் எண்ணிக்கையினாலா, அன்றி வேறெதனாலா?

முதலில் அத்தீர்ப்புப் பிறக்கும் வகையைக் காண்போம். உலகெங்குமுள்ள நூற்றுக்கு மேற்பட்ட பத்திரிகைகளும் செய்தி நிலையங்களும் நடுவர்களாக அமைகின்றன. அவர்களுடைய வாக்குக்கு நூற்றில் தொண்ணூறு பங்கு மதிப்பு. பொதுமக்கள் வாக்குக்குப் பத்தே பங்கு. பொதுமக்கள் மட்டுமே வாக்களிக்கும் ‘ஆடுவோர் குரல்’ என்னும் பரிசு தனியே உண்டு. இவ்விரு தீர்ப்புகளும் பலமுறை ஒவ்வாமற் போயிருக்கின்றன. 2020இல் நடுவர்கள் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இரண்டாம் பாகத்தைத் தேர்ந்தனர். மக்கள் ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ என்றனர். 2022இல் நடுவர்களுக்கு ‘எல்டன் ரிங்’. மக்களுக்கு ‘கென்ஷின் இம்பாக்ட்’. 2024இல் நடுவர்கள் ஜப்பானியரின் ‘ஆஸ்ட்ரோ பாட்’டுக்கும், மக்கள் சீனர் ஆக்கிய ‘பிளாக் மித்: வூகாங்’குக்கும் முடிசூட்டினர். 2023இல் இரு சாராரும் ஒன்றுபட்டு ‘பால்டர்ஸ் கேட் 3’ என்றனர்.

மக்கள் குரலே நியாயமான குரல், பத்திரிகைக்காரர் யார் நமக்குச் சொல்ல என்று நம் இளைஞர் கூறுவதைக் கேட்டிருக்கின்றேன். பலர் கைதூக்கினமையால் ஒரு பொய் மெய்யாகிவிடுமா? ஓர் ஆண்டில் ஒரே ஆட்டத்தை ஆடியவன் அதற்கே வாக்களிக்கின்றான். அதனைப் பற்று என்று சொல்லலாம். தேர்வு என்று சொல்லலாகாது. தேர்வதற்குக் குறைந்தது இரண்டாவது கையில் இருத்தல் வேண்டுமன்றோ?

நடுவர்களின் நிலைமைதான் என்ன? ஆடுவதே அவர்களுக்கு உத்தியோகம். ஆட்டம் வெளிவருமுன்னரே பலருக்குப் படி கிடைத்துவிடுகின்றது. அப்படியிருந்தும், ‘ஸ்டீம்’ என்னும் ஒரு கடையில் மட்டும் இப்போது ஓராண்டிலே வெளியாகும் ஆட்டங்கள் பதினாயிரத்தைத் தாண்டுகின்றன. நாளொன்றுக்கு ஒன்றென ஆடினும் பதினாயிரத்தை முடிக்க 27 ஆண்டுகள் வேண்டும். அன்றியும், இவர்களுடைய ஆண்டு டிசம்பரில் முடிவதில்லை. நவம்பரிலேயே கணக்கு மூடப்படுகின்றது. எனவே ‘ஆண்டின் தலைசிறந்தது’ என்னும் வாசகத்தின் உண்மைப் பொருள், ‘நவம்பருக்குள் எங்கள் கைக்கு வந்து, நாங்கள் ஆடிப்பார்த்த சிலவற்றுள் எங்களிற் பலருக்குப் பிடித்தது’ என்பதேயாம். இவ்வளவையும் மேடையில் சொன்னால் விழா சோபிக்காதென்பது தெரிந்ததே. ஆயினும் சொல்லாமல் விட்ட சொற்களில்தான் நேர்மை தங்கியிருக்கின்றது.

நிற்க. அளவுகோலைப் பற்றி ஒரு வார்த்தை. நான் தேயிலைத் தோட்டத்துக் கிராணி. நிறுப்பதும் எழுதுவதும் என் தொழில். தராசு எத்தனை கிலோ என்று காட்டும். கூடையிலிருப்பது இளங்கொழுந்தா, முற்றிய இலையா என்பதைக் காட்டாது. ஆலைக்குள் சென்றாலோ வேறொரு வேடிக்கை. தேயிலையின் ‘தரம்’ என்று உலகம் பேசும் பெயர்கள் பெரும்பாலும் சல்லடையின் பெயர்களே. ‘ஆரஞ்சு பீக்கோ’வில் ஆரஞ்சுப் பழம் இல்லை, இலைத்துண்டின் பருமனைத்தான் அது குறிக்கின்றது. கடைசிச் சல்லடையில் விழும் தூளுக்கு ‘டஸ்ட்’ என்று பெயர். பெயரைக் கேட்டால் குப்பையில் கொட்டத் தோன்றும். ஆனால் ஒட்டுக்கடைக்காரர் தே தாரிக் ஆற்றுவதற்கு அந்தத் தூளைத்தான் கேட்பார். பெரிய இலையை இனாமாகக் கொடுத்தாலும் பாலுக்கும் சீனிக்கும் ஈடுகொடுத்து நிற்காதென்று திருப்பி விடுவார். ‘சிறந்தது’ என்றவுடன் ‘எதற்கு?’ என்று கேட்கும் பழக்கம் எனக்கு இவ்விடத்தில்தான் வந்தது.

தேயிலையைச் சுவைத்துப் பார்ப்போர் நேர்மைக்காகச் செய்துகொள்ளும் ஏற்பாடும் கவனிக்கத்தக்கது. ஒரே எடைத் தூள், ஒரே அளவு கொதிநீர், ஒரே நேரம். பின்னரே வரிசையாக நின்ற கிண்ணங்களை உறிஞ்சிப் பார்த்து உமிழ்கின்றனர். வீடியோ ஆட்டங்களை இங்ஙனம் ஒரே வரிசையில் நிறுத்த இயலுமா? ‘பால்டர்ஸ் கேட்’டை முழுதும் ஆட நூறு மணி நேரமும் ஆகலாம். அதே 2023ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் வெளிவந்த வேறோர் ஆட்டத்தை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். முன்னது காப்பியம், பின்னது பெயராலும் அளவாலும் வெண்பா.

ஆம், ‘வெண்பா’ என்பதே அதன் பெயர். கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள ‘விசை கேம்ஸ்’ என்னும் சிறு குழுவினர் ஆக்கியது. 1980களில் தமிழகத்தினின்று கனடாவிற்குக் குடியேறிய வெண்பா என்னும் பெண்ணும், அவள் கணவன் பாவலனும், அவர்கள் மகன் கவினுமே கதைமாந்தர். தாய் கொடுத்த சமையற் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கின்றது. எஞ்சிய எழுத்துகளைக் கொண்டு விட்டுப்போன முறைகளை ஊகித்துச் சமைப்பதே ஆட்டம். இட்டலித் தட்டுகளை எவ்வாறு மாற்றி அடுக்கினால் ஆவி எல்லாவற்றிற்கும் செல்லும் என்பதை ஆடுபவரே கண்டறிதல் வேண்டும். தமிழில் பேச நாணும் மகனுக்கும், ஆங்கிலத்தில் தடுமாறும் தாய்க்கும் இடையே வளரும் மௌனம்தான் அடுப்பின்மேல் வேகின்றது. ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்து, வீட்டில் அம்மாவிடம் பாதித் தமிழில் பேசிய என்னைப் போன்றோருக்கு அது எவ்விடத்தில் தைக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

2023 டிசம்பர் விழாவில் இவ்வாட்டம் இரண்டு பிரிவுகளில் இறுதிப் பட்டியலில் நின்றது. சுயேச்சைக் குழுவினரின் முதற்படைப்புக்கான பரிசு ‘கக்கூன்’ என்னும் ஆட்டத்திற்கும், சமூகப் பயனுக்கான பரிசு நியூ கலிடோனியாத் தீவு வாழ்வைத் தழுவிய ‘சியா’ என்னும் ஆட்டத்திற்கும் சென்றன. தலைமைப் பரிசின் பட்டியலில் ‘வெண்பா’ இடம்பெறவே இல்லை. அந்நாட்களில் எங்கள் மன்றத்தில் எழுந்த கோபம் சொல்லுந்தரமன்று. தம்பி ஒருவர் என்னிடம், “என்ன அண்ணே, நம்ம ஆட்டம் ஒண்ணு இவ்வளவு தூரம் வந்திருக்கு, நாமளே அதுதான் முதல்னு சொல்லலைன்னா வேற யாரு சொல்லுவா?” என்று கேட்டார். “நீங்கள் அதை ஆடினீர்களா, தம்பி?” என்றேன். “ஆடலை அண்ணே, ஒருத்தர் ஆடுறதை முழுசாப் பார்த்தேன்” என்றார்.

அவருடைய இரு விடைகளிலும் இரு கேள்விகள் அடங்கியுள்ளன. முதலாவது, ‘நம்ம ஆட்டம்’ என்பது. ஒருவன் எக்குலத்தில் பிறந்தான் என்று கேட்டு அவனுக்கு மரியாதை அளப்பதை அநீதி என்று நாம் சொல்லி வருகின்றோம். அங்ஙனமாயின், ஓர் ஆட்டம் எவ்வினத்தார் வயிற்றில் பிறந்தது என்று கேட்டு அதற்குப் பரிசு அளப்பது மட்டும் எவ்வாறு நீதியாகும்? நக்கீரர் கதையை வரலாறென்று நாம் நம்பவில்லை. ஆயினும் பாட்டைக் கொணர்ந்தவர் யாரென்று பாராமல் பாட்டை மட்டும் பார்த்தார் என்னும் அளவில், அக்கதையைக் கட்டியவருக்குத் தீர்ப்பின் இலக்கணம் தெரிந்திருந்தது.

ஆனால் மறுபக்கத்திலும் ஒரு பிழை ஒளிந்திருக்கின்றது. குடியேறிய தாயின் கதை என்றவுடன் அதனைச் ‘சமூகப் பயன்’ என்னும் தனிப் பந்தியில் உட்கார வைப்பதும், வாளும் மந்திரமும் கொண்ட கதைகளைத் தலைப்பந்தியில் வைப்பதும் ஏன்? தமிழ்த் தாயின் துயரம் ‘பயன்’. வெள்ளைக்கார வீரனின் துயரம் ‘கலை’ என்பது எழுதாத சட்டமோ? இப்பகுதியில் நம் இளைஞரின் கோபத்தை நான் குறை கூறமாட்டேன். அடுத்து நடந்தது இதனைத் தெளிவாக்கும். 2024 மார்ச்சில் சுயேச்சை ஆட்டங்களுக்கென்றே சான் பிரான்சிஸ்கோவில் நடந்த விழாவில் முதற்பெரும் பரிசு ‘வெண்பா’வுக்குக் கிடைத்தது. ஏப்ரலில் பிரிட்டனின் ‘பாஃப்டா’ அமைப்பார் முதற்படைப்புக்கான பரிசையும் அதற்கே அளித்தனர். ஐந்து மாதங்கள் கழியுமுன் ஒரே ஆட்டம் ஓர் அவையில் வெறுங்கையோடு திரும்பி, வேறோர் அவையில் முதலிடத்தில் அமர்ந்தது. ஆட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியவை பந்தியும் நடுவர்களுமே.

இனித் தம்பியின் இரண்டாவது விடை: ஆடவில்லை, பார்த்தேன் என்பது. இதில் அவரை நகைப்பது எளிது, நியாயமன்று. பெரிய ஆட்டம் ஒன்றின் விலை இந்நாளில் 70 டாலர், நம் கணக்கில் ஏறத்தாழ முந்நூறு வெள்ளி. நம் நாட்டில் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. ஆட்டத்தை ஓட்டும் பெட்டியோ ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிய பின்னும் வாய் திறந்து நிற்கும். ஆகவே நம் பிள்ளைகள் இலவசமாகக் கிடைப்பனவற்றைக் கைப்பேசியில் ஆடுகின்றனர். மற்றவற்றைப் பிறர் ஆடக் காண்கின்றனர். ‘ஆண்டின் சிறந்தது’ என்று உலகம் பேசும்போது அப்பேச்சிலே தமக்கும் ஓர் இடம் வேண்டுமென்னும் ஆசையால், கண்டதை ஆடியதாக எண்ணிப் பேசுகின்றனர்.

ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. காண்பவன் முன்னே இட்டலி சரியாக வெந்து இறங்குகின்றது. ஆடுபவன் முதலில் அதனைக் கெடுக்கின்றான். ஏன் கெட்டதென்று குறிப்பேட்டைத் திருப்பிப் பார்க்கின்றான். தாய் எழுதாமல் விட்ட ஒரு சொல்லைத் தன் கையால் கண்டுபிடிக்கின்றான். அத்தடுமாற்றத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஒரு குறும்படம். அது நல்ல குறும்படமாக இருக்கலாம். அதனைப் பற்றி அபிப்பிராயம் சொல்லவும் பார்த்தவனுக்கு உரிமை உண்டு. கதை நன்று, படம் நன்று, பாட்டு நன்று என்று அவன் தாராளமாகச் சொல்லலாம். ‘ஆட்டம் சிறந்தது’ என்பதற்கு மட்டும் அவன் சாட்சியாக மாட்டான்.

அப்படியானால் பணமுள்ளவனே நடுவன் என்று ஆகிவிடாதா என்று கேட்பீர்கள். ஆகாது. பணமுள்ளவனும் தான் ஆடியதற்கு மட்டுமே சாட்சி. பதினாயிரத்தில் ஐம்பதை ஆடியவனுக்கும் மூன்றை ஆடியவனுக்கும் உள்ள வேற்றுமை பெரிதுதான். ஆயினும் இருவரும் ‘நான் ஆடியவற்றுள்’ என்று தொடங்கினால் இருவர் சொல்லும் மெய்யே. மூன்றை ஆடியவன் அம்மூன்றையும் கருத்தூன்றி ஆடியிருந்தால் அவனிடம் கேட்டறிய ஏதேனும் இருக்கும். எல்லாவற்றையும் அறிந்தவன்போல் பேசும் ஐம்பதாமவனிடம் அதுவும் இராது.

என் கணக்கையும் வைத்துவிடுகின்றேன். 2023ஆம் ஆண்டு ஆட்டங்களுள் நான் கையாண்டவை மூன்று. ‘பால்டர்ஸ் கேட்’டை உறவினர் வீட்டுக் கணினியில் ஏறத்தாழ நாற்பது மணி நேரம் ஆடினேன், முடிக்கவில்லை, ஆகவே அதனை வரிசையில் சேர்க்கவில்லை. ‘வெண்பா’வை ஒரே இரவில் முடித்தேன். இந்தோனேசியாவின் சுராபாயா நகரத்தார் ஆக்கிய ‘அ ஸ்பேஸ் ஃபார் தி அன்பௌண்ட்’ என்பதைப் பல வாரங்களாகச் சிறிது சிறிதாக ஆடி முடித்தேன். 1990களின் பிற்பகுதியில் ஒரு சிற்றூர், பள்ளிக்கூடம், தெருவோரப் பூனைகளுக்குப் பெயர் வைத்துத் திரியும் ஒரு பையன், அவன் தோழி ஒருத்தி மறைத்து வைத்திருக்கும் துயரம். ஊரைச் சுற்றிச் சுற்றி நடந்த பின்னரே அத்துயரம் நம் கைக்கு எட்டுகின்றது.

இவ்விரண்டினுள் இந்தோனேசிய ஆட்டத்தையே நான் முதலில் வைத்தேன். ‘வெண்பா’ என் நெஞ்சைத் தொட்ட அளவு அது தொடவில்லை. ஆனால் ‘வெண்பா’வின் புதிர்கள் எளியவை, பசி எடுக்குமுன் இலையை எடுத்துவிடுகின்றனர். என் நெஞ்சைத் தொட்டதிற் பாதி, ஆட்டத்தார் செய்த வேலையன்று. என் அம்மா முன்னரே செய்துவைத்த வேலை. அதனை அவர்கள் கணக்கில் நான் வரவு வைக்கலாகாது. மன்றத்தில் இதனைச் சொன்னபோது ‘இனத்துரோகி’ என்ற சொல் பின்வரிசையிலிருந்து வந்தது. சொன்னவர் மறுநாள் என்னிடமே வந்து, அவ்விந்தோனேசிய ஆட்டம் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று விசாரித்தார்.

சென்ற டிசம்பரில் மன்றத்தார் பெயரெழுத ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தனர். என் வற்புறுத்தலால் அதில் ‘ஆடியது’, ‘பார்த்தது’, ‘சிறந்தது’ என மூன்று பத்திகள் கோடிடப்பட்டன. பையன்கள் பலர் முதற்பத்தியைச் சிறிது பெருக்கியே எழுதினர் என்று ஐயுறுகின்றேன். நாற்றங்கால் வேலைக்குச் செல்லும் பெண்ணொருத்தி, இரண்டாம் பத்தியில் பதினோர் ஆட்டங்களை வரிசையாக எழுதி, முதற்பத்தியில் கைப்பேசி ஆட்டம் ஒன்றை மட்டும் எழுதியிருந்தாள். மூன்றாம் பத்தியிலும் அந்த ஒன்றின் பெயரையே எழுதி, அடைப்புக்குறிக்குள் ‘ஒன்றில் ஒன்று’ என்று குறித்திருந்தாள்.