கதையை மாற்றலாம், கணக்கை மாற்றலாமா?

பழங்கதையொன்றைப் புதிதாகச் சொல்ல முற்படுபவர் அதில் எதை மாற்றலாம்? எதை மாற்றலாகாது? இளையோருக்கென இன்று எழுதப்படும் மாயக்கதை நாவல்களில் பல, பழைய கதைகளின் மறுகூறல்களே. அவற்றை நம் பிள்ளைகள் விரும்பிப் படிக்கின்றனர். ஆதலின் இவ்வினா நம் இல்லத்து வினாவும் ஆகும்.

சேலத்தார்க்கு மறுகூறல் புதிதன்று. ஏற்காடு சாலையில் டி. ஆர். சுந்தரம் 1935-இல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தை அளித்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் அது. பழங்கதையில் மர்ஜியானா ஓர் அடிமைப்பெண். மனைவி மக்களோடு வாழும் அலிபாபா, தன் உயிரைக் காத்த அவளுக்கு விடுதலையளித்துத் தன் மகனுக்கு மணமுடிக்கின்றான். படத்திலோ பானுமதி ஏற்ற மர்ஜியானா, எம்.ஜி.ஆர். ஏற்ற அலிபாபாவின் காதலி. கதை மாறிற்று, மக்கள் மகிழ்ந்தே ஏற்றனர்.

மூலத்தைச் சிதைத்தார்கள் என்று குறை கூறலாமோ எனில், அலிபாபா கதைக்குத் தொன்மையான அரபு மூலச்சுவடி எதுவும் கிடைக்கவில்லை. 1709-இல் பாரிசு நகரில், சிரியாவின் அலெப்போவிலிருந்து சென்ற ஹன்னா தியாப் என்பவர் வாய்மொழியாகச் சொன்னார். அந்துவான் கலான் அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, பிரெஞ்சு மொழியில் விரித்தெழுதினார். அது 1717-இல் அச்சேறியது. சொன்னவர் பெயர் கலானின் நாட்குறிப்பில் இருந்தது, நூலில் இல்லை. ஹதீஸை அறிவிப்போர் சொல்லையும் சொன்னவரையும் கண்ணெனக் காத்தனர். கதைக்கு அத்தகைய கட்டுப்பாடு என்றும் இருந்ததில்லை. எனவே மாற்றுவது மட்டுமே குற்றமாகிவிடாது. மாற்றம் எதைச் சேர்த்தது, எதை அழித்தது என்பதே நாம் கேட்க வேண்டியது.

2015-இல் அமெரிக்க எழுத்தாளர் ரெனே அஹ்தியே வெளியிட்ட 'தி ராத் அண்ட் தி டான்' எனும் நாவலைக் காண்போம். ஆயிரத்தோர் இரவுகளின் வெளிக்கதையே அதற்கு அடிப்படை. மனைவியின் துரோகத்தால் வெகுண்ட மன்னன், இரவில் மணந்த பெண்ணை விடியலில் கொல்கின்றான். பழங்கதையில் மாண்ட அப்பெண்களுக்குப் பெயரில்லை. நாவலிலோ அவர்களுள் ஒருத்திக்குப் பெயருண்டு. அவளுக்காகப் பழிதீர்க்க வரும் உயிர்த்தோழியாக ஷஹ்ரஸாத் வருகின்றாள். எண்ணிக்கையாய்க் கிடந்தவளை மனுஷியாக்கிய இம்மாற்றம் போற்றத்தக்கது.

ஆனால் அந்நூலே மற்றொன்றும் செய்கின்றது. மன்னன் ஒரு சாபத்தால் கட்டுண்டவனாம். கொல்லாவிடில் அவனது நகரமே அழியுமாம். வாசகர் அவன்மீது இரக்கங்கொள்கின்றார். ஷஹ்ரஸாத் காதல் கொள்கின்றாள். கொன்றவனே துயருற்றவனாகிவிட, கொலையுண்டவர் மீண்டும் பின்னணிக்குச் சென்றுவிடுகின்றனர். ஒருவரைக் காப்பதா பலரைக் காப்பதா என்ற தருமசங்கடம் இதனால் ஆழமாகின்றதே என்பர் சிலர். மெய்தான். ஆயினும் அச்சங்கடத்தின் விலையைச் செலுத்தியவர் மன்னனல்லர், அப்பெண்களே. அவர்கள் தரப்பில் நின்று அவ்விலையைக் கேட்காத கதை, சங்கடத்தைச் சாக்காக்கிவிடுகின்றது.

இறைமறை அழகிய வரலாறெனக் குறிப்பது யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை. கிணற்றில் தள்ளிய சகோதரர்களை அவர்கள் மன்னித்தார்கள். ஆனால் அம்மன்னிப்பு வந்தது, சகோதரர்கள் தாம் தவறிழைத்தோம் என்று தம் வாயால் ஒப்புக்கொண்ட பின்னரே. குற்றம் குற்றமென்று சொல்லப்பட்டதால்தான் மன்னிப்புக்குப் பெருமை வந்தது.

கதை சொல்வோர் காலத்தை மாற்றட்டும், ஊரை மாற்றட்டும், அடிமையை அரசியாக்கட்டும். அநீதி இழைத்தவன் கணக்கிலிருந்து அதை மெல்லத் துடைத்துவிடும் உரிமை மட்டும் அவர்களுக்கில்லை. நாளை தம் செயலுக்குத் தாமே பொறுப்பேற்க வேண்டிய பிள்ளைகளன்றோ அக்கதையைப் படிக்கின்றனர்?