தவளையும் மனச்சாட்சியும்



மாரி தொடங்கிவிட்டால் மாங்கேணியின் பள்ளங்களிலும் வயலோரங்களிலும் தவக்கைகளின் சத்தம் இரவெல்லாம் கேட்கும். அந்தச் சிறு பிராணியே நெடுங்காலம் உயிரியல் மாணவருக்கு முதற் பாடமாக இருந்துவந்தது. மயக்கமருந்திட்டு, மெழுகுத் தட்டில் மல்லாத்தி, குண்டூசி குத்தி, வயிற்றைக் கீறிப் பார்த்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். இரு சோணையறைகளும் ஓர் இதயவறையும் கொண்ட அதன் இதயம், உடல் திறக்கப்பட்ட பின்னரும் துடித்துக்கொண்டிருக்கும். அதைக் கண்ட மாணவன் ஒருவன், “இதைக் கொல்ல எனக்கு உரிமை உண்டா?” என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்?

“பயந்தாங்கொள்ளி” என்று சிரிப்பது பதிலாகாது. உயிர்க்கொலை யாவும் பாவம் என்பதும் திருச்சபையின் போதனையன்று. களப்பில் வலைவீசும் நம் மக்கள் நாள்தோறும் மீனைக் கொல்கிறார்கள், அது பாவமன்று. மனித உயிரைப் பேண உதவுமாயின், நியாயமான எல்லைக்குள் விலங்குகளைக் கொண்டு பரிசோதனை செய்யலாம் என்று 1992இல் வெளியான கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2417ஆம் பிரிவில் கூறுகிறது. ஆனால் அடுத்த பிரிவிலேயே, தேவையின்றி அவற்றை வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கு முரணானது என்கிறது. ஆகவே கேள்வி முழுவதும் “தேவை” என்ற ஒரு சொல்லில் தங்கியுள்ளது.

இத்தாலியரான கல்வானி, தவளையின் கால் துடித்ததை ஆராய்ந்து, உயிருடலில் மின்விசை பற்றிய தம் முடிவுகளை 1791இல் வெளியிட்டார். அவர் எவரும் அறியாததைத் தேடினார். வகுப்பு மாணவனோ நூலில் ஏற்கெனவே எழுதியிருப்பதையே மீண்டும் காண்கிறான். அதனைப் படத்தாலும் மாதிரியுருவாலும் கணினித் திரையாலும் கற்க முடியுமானால், தேவை என்ற நியாயம் எங்கே நிற்கும்?

“வைத்தியராக வரப்போகிறவனுக்குக் கை பழகவேண்டாமா?” என்பீர்கள். வகுப்பில் இருப்போர் எல்லாரும் வைத்தியராவதில்லை. ஆகிறவரும் தானமாக அளிக்கப்பட்ட மனித உடலிலும், மூத்த வைத்தியரின் மேற்பார்வையிலுமே தொழிலைக் கற்கின்றனர். அயல்நாடான இந்தியாவில், விலங்கியல் பாடத்துக்காக விலங்குகளை வெட்டுவதை நிறுத்துமாறு பல்கலைக்கழக மானியக்குழு 2014இல் பணித்தது. அதனால் அங்கே விலங்கியல் அழிந்துவிடவில்லை.

விலங்குகளுக்கு இரங்கப் பழகுகிறவன் மனிதருக்கும் இரங்குவான் என்று புனித தோமா அக்குவினாஸ் கருதினார். இதன் மறுபக்கத்தையும் சிந்திப்போம். இரக்கத்தை அடக்கு என்று ஒரு பிள்ளைக்கு இன்று கற்பித்தால், அதே பாடத்தை அவன் நாளை எங்கே பயன்படுத்துவான்? அதேவேளை, தவளைக்காகக் கண்ணீர் விட்டு, வீட்டில் வேலை செய்யும் ஏழைச் சிறுமியை அதட்டுகிறவனின் இரக்கம் வெறும் வேஷமே.

ஆசிரியர்களே, ஒரு பிள்ளை மனம் ஒப்பாமல் கத்தியைக் கீழே வைத்தால், அவனை ஏளனம் செய்யாதீர்கள்; வேறு வழியிற் கற்பியுங்கள். மாணவரே, மனச்சாட்சியைச் சோம்பலுக்குப் போர்வையாக்காதீர்கள். வெட்ட மறுப்பவன் அந்த இதயத்தின் அமைப்பை மற்றவரிலும் இருமடங்கு நன்றாகக் கற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவன்.