நாணயம்

2024 ஏப்ரல் 6 ஆம் தேதி இரவு, எழும்பூரிலிருந்து புறப்பட்டுத் தெற்கே செல்லும் நெல்லை விரைவு வண்டியில், தாம்பரம் நிலையத்தில் வைத்துச் சுமார் 4 கோடி ரூபாய் ரொக்கமாகக் கைப்பற்றப்பட்டது என்ற செய்தி வெளியான காலையில், சேலையூர் கேம்ப் ரோட்டில் நான் வழக்கமாக நிற்கும் டீக்கடையில் வியப்புற்றவர் ஒருவருமில்லை. "மாட்டினது நாலு கோடி, மாட்டாதது எத்தனை கோடியோ" என்று சொல்லி ஒருவர் பத்திரிகையை மடித்து பிஸ்கட் ஜாடியின்மேல் வைத்தார், அடுத்தவர் இஞ்சி கொஞ்சம் தூக்கலாகப் போடச் சொன்னார், அத்துடன் அந்த விவகாரம் முடிந்தது.

அந்தப் பணம் யாருடையது, எதற்காகப் போயிற்று என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும்; என் சிந்தனை அதைப் பற்றியதன்று. தேர்தல் காலத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமில்லாமல் கையில் கொண்டு போகக்கூடாதென்று ஒரு கட்டுப்பாடு உண்டு. அதில் அகப்பட்டுத் திண்டாடுகிறவன் பெரும்பாலும் மாட்டு வியாபாரியாக இருப்பதைப் பார்க்கிறோம். 2016 ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகரிலும், 2019 ல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் பண விநியோகத்தை முன்னிட்டுத் தேர்தலையே ரத்து செய்தார்கள், பிறகு நடத்தினார்கள். கொடுப்பவனைப் போலவே வாங்குபவனும் குற்றவாளி, ஓராண்டு வரை சிறைவாசம் உண்டு என்று சட்டம் சொல்வது பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள்.

இவ்விஷயத்தில் நெடுங்காலமாக எனக்கென்று ஓர் அபிப்பிராயம் இருந்தது. நம்மிடமிருந்து போன பணந்தானே நம்மிடம் திரும்பி வருகிறது, ஆகையால் ஏழை அதை வாங்கிக்கொள்ளட்டும், வாக்கை மட்டும் தன் மனச்சாட்சிப்படி போடட்டும், இதில் தோஷம் ஒன்றுமில்லை என்று நண்பர்களிடம் வாதித்திருக்கிறேன். சாமர்த்தியமான தீர்ப்பு, வாங்குகிறவனுக்கு லாபம், சொல்கிறவனுக்குத் தாராள மனம் படைத்தவன் என்ற பெயர். அதைக் கலைத்தவர் எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாள்.

அவருக்கு வாக்கு திண்டிவனத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில். பன்னிரண்டு ஆண்டுகளாக இங்கே பீர்க்கன்கரணையில் குடியிருந்தும் அட்டையை மாற்றிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் மூட்டையும் பேரப்பிள்ளையுமாக நின்று, நிற்க இடமில்லாத பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போய், மறுநாளே திரும்பிவிடுவார். சில ஆண்டுகளுக்கு முன் அப்படிப் போய் வந்தவரிடம், என் உபதேசத்தைச் சற்றுப் பெருமிதத்துடனேயே எடுத்து வைத்தேன். கையிலிருந்த தேங்காய் நாரை அப்படியே நிறுத்தி, குழந்தை பொய் சொல்லும்போது பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"அது எப்படி சார் மாத்திப் போடறது? சாமி படத்துக்கு முன்னாடி கற்பூரத்தை ஏத்தி, அணைச்சு சத்தியம் பண்ணித்தான் வாங்கினேன். ரெண்டு ஐந்நூறு ரூவா நோட்டு. வாங்கித் தின்னுட்டு துரோகம் பண்ணா, புள்ளைங்களுக்கு ஆகுமா?"

அன்றுதான் எனக்கு ஒன்று பிரத்தியட்சமாயிற்று. அந்த இரண்டு நோட்டுகளால் வாங்கப்பட்டது அவருடைய வாக்கு அன்று, அவருடைய சத்தியம். வாக்கு என்ற ஒரே சொல்லால் ஓட்டையும் கொடுத்த சொல்லையும் நாம் குறிப்பதனால், இரண்டையும் ஒரே உறையில் போட்டு விலை பேசிவிட முடிகிறது. சொன்ன சொல்லைக் காப்பாற்றாத அயோக்கியனுக்குப் பணம் கொடுத்து என்ன பிரயோஜனம்? ஆகவே இந்த வியாபாரம் நடப்பதெல்லாம் உண்மையுள்ளவர்களின் தலையில்தான். செய்ந்நன்றியைப் பெரிய தர்மமாகத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த ஒரு ஜனசமூகத்தில், அந்த நன்றியுணர்ச்சியே மூலதனமாகப் போடப்படுகிறது. 1920 ல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நடந்த தேர்தலில் சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே வாக்கு இருந்தது. எல்லோருக்கும் அது கிடைத்த 1952 க்குப் பின், வேறு சொத்தில்லாதவருக்கு அதுவே சொத்தாயிற்று. சொத்தென்றால் விலை கேட்கத்தானே செய்வார்கள்!

இதனுடன் பயமும் கலந்திருக்கிறது. யார் யாருக்குப் போட்டார் என்பது ரகசியமேயானாலும், எந்த வாக்குச்சாவடியில் யாருக்கு எத்தனை என்ற கணக்கு பிரசுரமாகிறது. நான்கு தெருக்கள் அடங்கிய சாவடியில் "அந்தத் தெரு நம்மை ஏமாற்றிவிட்டது" என்று சொல்ல அதுவே போதும். எங்கள் அடுக்குமாடி வாசலுக்கு எந்தக் கட்சிக்காரரும் உறையுடன் வந்ததில்லை. இதை ஒழுக்கத்துக்குக் கிடைத்த மரியாதையாகவே எண்ணியிருந்தேன். இவர்கள் சொல் நம்பத்தக்கதன்று என்று அவர்கள் கணித்திருக்கலாம் என்பது பிறகுதான் உறைத்தது.

அன்றைய சம்பாஷணையின் கடைசிப் பகுதியை இதுவரை சொல்லாமல் தள்ளிப்போட்டேன். துலக்கிய குண்டானைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நீங்க யாருக்கும் காசே குடுத்ததில்லையா சார்?" என்று அவர் கேட்டார். கேட்டது குத்தலாக அன்று, தெரிந்துகொள்ளத்தான். இந்த வீட்டின் காகிதம் ஒன்று ஏழு மாதம் ஓர் அலுவலகத்தில் அசையாமல் கிடந்ததும், எட்டாம் மாதம் நான் ஒரு பழுப்பு உறையை மேஜைமேல் இருந்த பேரேட்டுக்குள் செருகிவிட்டுச் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்ததும் எனக்கு நினைவு வந்தன. பொய் சொல்லியிருக்கலாம், கற்பூரக் கதையைக் கேட்ட பிறகு நா எழவில்லை.

"கொடுத்திருக்கிறேன்" என்றேன்.

"வாங்கிக்கிட்டு வேலையை முடிச்சுக் குடுத்தாரா?"

"மறுநாளே கொடுத்துவிட்டார்."

"அப்புறம் என்ன சார், நாணயமான ஆளுதான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பாத்திரத்தை எடுத்தார்.