வண்டியோடு வரும் இணையமும் ஊர்ப் பொதுக்கிணறும்

பேராக் மாநிலத்திலே, ஈப்போ முதலிய பட்டணங்களில் வாழும் வசதியுள்ள குடும்பத்தார் விடுமுறை நாட்களில் காட்டோரம் சென்று கூடாரம் அடித்துத் தங்குகின்றனர். லாத்தா கிஞ்சாங் அருவிக்கும், தாப்பாவை அடுத்த கோல வோ ஆற்றங்கரைக்கும், கோப்பெங் மலையடிவாரத்துக்கும், வடக்கே கிரிக்கைக் கடந்து தெமெங்கோர் ஏரிக்கும் போகின்றவர் பலர். படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் அமைந்த கேரவனைப் பிக்கப் வண்டியின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்வோரும் உளர். அவ்வண்டிகளிலே இப்பொழுது இணையமும் ஏறிக்கொண்டது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 2014ஆம் ஆண்டிலேயே தன் வண்டிகளில் வைஃபை ஹாட்ஸ்பாட்டைப் பொருத்தி விற்கத் தொடங்கிற்று. நம் நாட்டில் 2018 டிசம்பரில் வெளிவந்து, பின்னர் இதே பேராக்கின் தஞ்சோங் மாலிம் ஆலையில் பூட்டப்பட்ட புரோட்டோன் எக்ஸ்70 வண்டியும் இணையத்தோடு பிணைந்தே வந்தது.

இதைக் கண்டு, “காட்டுக்குப் போயும் கைப்பேசிதானா?” என்று கடிந்துகொள்வோர் உண்டு. அக்கடிதலில் நமக்கு அதிக சிரத்தை இல்லை. ஒருவர் அருவிக்கரையில் அமர்ந்து சினிமாப் பார்ப்பதும் பாராமலிருப்பதும் அவரவர் ருசியைப் பொறுத்தது. அன்றியும், 2022 டிசம்பர் 16ஆம் நாள் சிலாங்கூரில் பத்தாங்காலி அருகே கூடாரங்களின்மீது மண்சரிந்து 31 பேர் மாண்டதை அறிந்த எவரும், காட்டில் தங்குவோர்க்குத் தொடர்பு வேண்டாம் என்று சொல்லத் துணியார். மலைமேல் பெய்த மழை ஆற்றிலே திடீர் வெள்ளமாக இறங்கும் இடங்களில், ஓர் எச்சரிக்கைச் செய்தி உயிர் காக்கவும் கூடும்.

நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. பட்டணத்தார் அமைதி தேடிப் போகின்ற அந்த இடம் யாருடையது? அங்கே பூர்வகுடி மக்களின் கிராமங்கள் உண்டு. பால்மரத் தோட்டங்களில் எஞ்சிய லயன்களும், அவற்றைச் சுற்றிச் செம்பனையும், பிள்ளைகள் குறைந்துபோன தமிழ்ப்பள்ளிகளும் உண்டு. வந்தவர் இரண்டு நாள் அனுபவித்துப் புகழும் அந்த அமைதி, அங்கேயே இருப்பவருக்கு, பாம்பு கடித்த இரவில் ஆம்புலன்சை அழைக்க எட்டாத கைப்பேசியாக இருக்கின்றது. 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்களெல்லாம் இணையத்துக்குப் போன காலத்தில், சபாவில் ஒரு கல்லூரி மாணவி பரீட்சை எழுதுவதற்காக மரத்தின்மேல் ஏறித் தங்கியதை நாடே பார்த்தது. மரம் ஏறாமல், பாடமே வேண்டாமென்று விட்டுவிட்ட பிள்ளைகளை யார் பார்த்தார்கள்?

நிற்க. இந்த வண்டி இணையம் எவ்வாறு வேலை செய்கின்றது என்பதைச் சற்றே நோக்குவோம். வண்டிக்குள் ஒரு சிம் இருக்கின்றது. வண்டியின் அலைவாங்கி, எங்கோ தொலைவில் நிற்கும் கோபுரத்தின் அலையைக் கையடக்கப் பேசியைக் காட்டிலும் நன்றாகப் பற்றி, அதை வண்டியைச் சுற்றியுள்ள கருவிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றது. கோபுரமே இல்லாத பள்ளத்தாக்கில் அது ஒன்றுக்கும் உதவாது. இயந்திரத்தை நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடும் என்றஞ்சி, கூடாரத்தின் அருகிலேயே இரவெல்லாம் வண்டியை உறுமவிட்டு உறங்குகின்றவர்களும் இருக்கிறார்கள். அப்புகை கூடாரத்துக்குள் புகுந்தால் உறங்கியவர் எழுந்திருக்கமாட்டார் என்பதை இங்கே சொல்லி வைக்கிறோம்.

ஆகவே, வண்டிக்காரர் இணையத்தைக் கொண்டு வருவதாக எண்ணுவது தவறு. அவர் அங்கே உள்ளதை எடுக்கின்றார். ஒரு கோபுரம் ஒரே வேளையில் சுமக்கக்கூடிய பாரத்துக்கு ஓர் எல்லை உண்டு. சுற்றுவட்டாரத்துக் குடிகளைக் கணக்கிட்டு நாட்டப்பட்ட சிறு கோபுரத்தின்மீது, தீபாவளி விடுமுறையிலோ பள்ளி விடுமுறையிலோ நாற்பது ஐம்பது வண்டிகள் வந்து இறங்கி, வண்டிக்கு நான்கு பேராகப் படம் பார்க்கத் தொடங்கினால், லயன் வீட்டிலே பாடத்தைத் திறந்து வைத்திருக்கும் பிள்ளையின் பேசியில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஊரார் கயிறும் வாளியும் கொண்டு இறைக்கும் பொதுக்கிணற்றிலே, வெளியூரான் ஒருவன் இயந்திரக் குழாயை இறக்கி உறிஞ்சிவிட்டு, பக்கத்தில் நின்ற சிறுவனுக்கு ஒரு செம்பு வார்த்து, “தண்ணீர் நான் கொண்டு வந்தேன்” என்பானாகில் அவனை என்னென்பது? “தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கடவுச்சொல்லைக் கொடுத்தோம், பாவம், சந்தோஷப்பட்டார்கள்” என்று பெருமை பேசும் அன்பர்கள் இதை யோசிக்க வேண்டும். கொடுப்பது நல்லதே, தாராளமாகக் கொடுக்கட்டும். ஆயினும் ஞாயிறு மாலை வண்டி புறப்படும்போது அந்தத் தர்மமும் உடன் புறப்பட்டுவிடுகின்றதே!

தோட்டத்து ஜனங்கள் இந்நிலைக்கு வந்தது எங்ஙனம்? 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர்க் கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அக்காலத்து மரமொன்று இன்றும் அங்கே நிற்கின்றது. அதன்பின் காடழித்துத் தோட்டம் போடக் கங்காணிமார் தமிழ்நாட்டிலிருந்து ஆள்கட்டி வந்தார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் அவ்வாறு ஆள் அனுப்புவதைத் தடுக்கும்வரை அது நடந்தது. வீடும் தண்ணீரும் மருந்தும் பள்ளியும் கம்பெனி கொடுத்தால் உண்டு, இல்லையேல் இல்லை. தோட்டம் தனியார் சொத்து என்று சொல்லப்பட்டதால், சர்க்கார் கிராமங்களுக்குச் செய்த சாலையும் விளக்கும் குழாய்நீரும் வெகுகாலம் தோட்டத்து வேலியோடு நின்றன. பின்னர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், அவற்றை வாங்கித் தொழிலாளரைக் காப்பதற்காக 1960இல் சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினர் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அது காத்தது சிலவற்றை; கைமாறிப்போனவை பல. கம்பெனி போயிற்று, வேலி மாத்திரம் மனிதர் மனத்திலே நிற்கின்றது போலும். இன்று கோபுரம் நாட்டவும் நிலத்துக்குடையவரின் அனுமதி வேண்டுமல்லவா?

கோபுரத்துக்குப் பணமில்லை என்ற சாக்கும் செல்லாது. 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்படி, வரம்புக்கு மேற்பட்ட வருமானமுள்ள தொலைத்தொடர்புக் கம்பெனிகள், வகுக்கப்பட்ட முறையில் கணக்கிட்ட நிகர வருமானத்தில் நூற்றுக்கு 6 பங்கைத் தொடர்பு எட்டாத இடங்களுக்கான நிதியில் செலுத்துகின்றன. அப்பணம் வேறெங்கிருந்து வருகின்றது? பேசிக்குப் பணம் கட்டும் ஒவ்வொருவரிடமிருந்தும்தான். லயனில் இருந்துகொண்டு பத்து வெள்ளிக்கு ரீலோடு வாங்கும் கிழவியும் அதில் அடக்கம். 2020இல் ஜென்டேலா என்ற திட்டமும் அறிவிக்கப்பட்டது. அத்தகைய திட்டங்கள் எந்தப் பள்ளத்துக்கு முதலில் போகும் என்பதோ, யார் விடாமல் கேட்கிறார்கள் என்பதையும் பொறுத்தது.

இங்கேதான் வண்டி இணையத்தின் பெருங்கேடு இருக்கின்றது என்பது நமது அபிப்பிராயம். மனு எழுதத் தெரிந்தவர், அதிகாரியின் வாசற்படியேறக் கூசாதவர், பத்திரிகைக்கு எழுதக்கூடியவர் ஆகிய இவர்களே வண்டியுள்ளவர்களும் ஆவர். தம் வீட்டில் கிணறு வெட்டிக்கொண்டவர் தெருக்குழாய் வறண்டதைப் பற்றிப் பேசாதது போல, தம் வண்டியின் கூரையிலேயே இணையம் வந்துவிட்டால், கோல வோவில் அலை எட்டவில்லை என்று இவர்கள் எதற்காக எழுதப் போகிறார்கள்? முன்பெல்லாம் அங்கே போய்ப் பேசி வேலை செய்யாதபோது, அவர்களும் தோட்டத்தாரும் ஒரே குறையை அனுபவித்தார்கள்.

நாம் சொல்வது வண்டியை விற்றுவிடுங்கள் என்பதன்று. படம் பார்க்க வேண்டுமானால் ஈப்போவிலேயே இறக்கி எடுத்துச் செல்லலாம். மாலையில் பிள்ளைகள் படிக்கும் நேரத்தைவிட்டு மற்ற நேரத்தில் உபயோகிக்கலாம். வீடு திரும்பியதும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கு ஒரு புகார் எழுதலாம். அதற்குக் கால்மணி நேரம் போதும். அலை எந்த வளைவில் அறுந்தது, எந்தப் பாலத்தில் மீண்டது என்பது வண்டிக்காரருக்குத் தெரியும்; அவர் வண்டியிலே வரைபடமும் இருக்கின்றது. லயன்காரர் எழுதினால் “இரண்டாம் டிவிஷன், பழைய பெரட்டுக் களத்துப் பக்கம்” என்றுதான் எழுதுவார். தோட்டமே பெயர் மாறிப்போன இடத்தில் அவ்விலாசம் எந்த வரைபடத்திலும் அகப்படாது. புகாரின் அடியிலே அவர் பெயரையும் சேர்த்து எழுதி, கையெழுத்தும் வாங்கிவிடுவது நலம்.