யாருக்குப் பொது இந்த நிலம்?

கழுவேலிக்குள் யார் போகலாம்? விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம், வானூர் வட்டங்களில் பரந்து கிடக்கும் அந்தச் சதுப்பில் 5,151 ஹெக்டேரை 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. நல்ல காரியம். வலசை வரும் பறவைக்கு ஓட்டும் இல்லை, பட்டாவும் இல்லை. அதற்காக யாராவது பேசத்தான் வேண்டும். ஆனால் சரணாலயத்துக்குள் யாரை விடலாம் என்பதற்கு 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 27-ஆவது பிரிவில், ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பணியில் இருக்கும் அரசு ஊழியர் போகலாம். உள்ளே அசையாச் சொத்து உள்ளவர் போகலாம். பொதுச் சாலை வழியே கடந்து செல்பவர் போகலாம். அனுமதிச் சீட்டு வாங்கியவர் போகலாம். சீட்டு எதற்கெல்லாம் தரலாம் என்பதை அடுத்த பிரிவு சொல்கிறது: ஆராய்ச்சி, புகைப்படம், சுற்றுலா, உள்ளே குடியிருப்பவரோடு செய்யும் சட்டப்படியான தொழில்.

இந்தப் பட்டியலில் பழங்குடியினரான ஓர் இருளரை எங்கே வைப்பது? அவருக்கு அசையாச் சொத்து கிடையாது. பல குடும்பங்களுக்குக் குடிசை போட்ட இடத்துக்கே பட்டா கிடையாது. கழுத்தில் கேமரா கிடையாது. சரணாலயம் அறிவிக்கும் முன் அங்கே உரிமை உள்ளவர்கள் இரண்டு மாதத்துக்குள் கலெக்டரிடம் எழுத்து மூலம் கோரலாம் என்றும் சட்டம் சொல்கிறது. எழுத்து மூலம்! தலைமுறை தலைமுறையாகத் தண்ணீருக்குள் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட ஓலைப் பறிக்குள் போட்ட பெண்ணிடம் எந்த எழுத்து இருக்கும்? நிலம் உள்ளவருக்குப் பொது நிலமும் திறக்கிறது, நிலம் இல்லாதவருக்கு அதுவும் மூடுகிறது என்பதுதான் இந்தப் பட்டியல் சொல்லாமல் சொல்லும் செய்தி.

பழங்குடி மக்கள் வேட்டைக்காரர்கள், உள்ளே விட்டால் பிடித்துத் தின்றுவிடுவார்கள் என்கிறார்கள். சரி, காரணங்களை ஒவ்வொன்றாக உரசிப் பார்ப்போம். பகுத்தறிவு என்று சொல்லிக்கொள்கிற நமக்கு அந்த வேலையாவது இருக்க வேண்டும்.

முதலில் கருணை. உயிர்க்கொலை பாவம் என்கிறார்கள். திண்டிவனம் பேருந்து நிலையத்தைச் சுற்றி இருக்கும் பிரியாணிக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை நிற்கும் வரிசையைப் பார்த்த பிறகும் இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். கூண்டில் பிறந்து கூண்டில் செத்த கோழிக்கு இல்லாத பாவம், கடைசி நொடிவரை முள்காட்டில் ஓடித் திரிந்த முயலுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது?

நம் மரபாவது வேட்டையை வெறுத்ததா? வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாட்டில் வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைச் சாய்த்து, மானை உருட்டி, பன்றியைத் துளைத்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைக்கிறது. யானை, புலி, உடும்பு மூன்றும் இன்றைக்கு வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில். கொன்றால் மூன்றாண்டுக்குக் குறையாத சிறை. அந்த ஓரிக்கு ஆண்டுதோறும் ஆடியில் கொல்லிமலையில் மலர்க் கண்காட்சியோடு அரசே விழா எடுக்கிறது. கண்ணப்பன் படைத்த இறைச்சியைச் சிவன் தின்றதாகக் கதை. வேடர் வீட்டில் பெண் கட்டியவர் முருகன். கல்லாக நின்றால் வேடனுக்குக் கற்பூரம், உயிரோடு வந்தால் விலங்கு. (விலங்கு என்றால் கைவிலங்கைத்தான் சொல்கிறேன்.)

அடுத்த காரணம் சூழலியல். இதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். எறும்புத்தின்னி, நட்சத்திர ஆமை, உடும்பு ஆகியவற்றை யாரும் தொடக்கூடாது. இருளரும் தொடக்கூடாது, நரிக்குறவரும் தொடக்கூடாது. அழிந்துபோன இனத்தை எந்தச் சமூகநீதியும் திருப்பித் தராது. ஆனால் செஞ்சிப் பக்கத்துக் குன்றுகளிலும் வானூர்க் காடுகளிலும் உயிரினம் குறைந்தது கண்ணியாலும் வலையாலும்தானா? மலையையே வெட்டித் தள்ளும் கல்குவாரி, உப்பங்கழியை ஒட்டி வெட்டிய இறால் பண்ணை, நெடுஞ்சாலை ஓரமெங்கும் கல் நட்ட மனைப்பிரிவு இவற்றுக்கெல்லாம் உரிமம் இருக்கிறது, ரசீது இருக்கிறது. முயலுக்குக் கண்ணி வைத்தவரிடம் இரண்டும் இல்லை.

கொல்வதே தவறு என்றால் அரசும் கொல்லக்கூடாது. 2025 ஜனவரியில், அப்போது வனத்துறை அமைச்சராக இருந்த க.பொன்முடி (இந்த மாவட்டத்துக்காரர்தான்) சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்புச் செய்தார். காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை வனத்துறையினர் சுடலாம். உழவர்களின் கண்ணீர் நியாயமானது. அறிவிப்பையும் குறை சொல்லவில்லை. பன்றியின் தடத்தைச் சிறுவயதிலிருந்து படித்தவர் பிடித்தால் குற்றம், சம்பளம் வாங்குபவர் சுட்டால் கடமை என்பதற்கு மட்டும் எனக்கு யாராவது தர்க்கம் சொல்ல வேண்டும்.

வேட்டையறிவு நமக்குத் தேவைப்படாமலும் இல்லை. பாம்புத் தோல் வணிகம் 1970-களில் தடைபட்டுப் பிழைப்புப் போனபின், 1978-இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அவர்கள் பிடித்து விஷம் எடுத்துவிட்டுத் திரும்ப விடும் பாம்புகளால்தான் நாட்டின் விஷமுறிவு மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அமெரிக்கர்களுக்குக் கண்ணில் படாத மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

வயலிலும் இதே கதைதான். அறுவடை முடிந்ததும் எலி பிடிக்க இருளரைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். அவர் வரப்போரம் குனிந்து நடந்து, புதுமண் தள்ளிய வளை எது, கைவிட்ட வளை எது என்று பார்ப்பார். ஒரு வாயை விட்டு மற்றதையெல்லாம் சேற்றால் அடைப்பார். அந்த ஒரு வாயில் சட்டியைக் கவிழ்த்து, உள்ளே வைக்கோலைத் திணித்து நெருப்பு வைத்து, சட்டியில் இருக்கும் துளையில் வாய் வைத்து ஊதுவார். கண்ணில் நீர் வழியும், இருமல் வரும். பிறகு கடப்பாரை போட்டு வெட்டினால் மயங்கிக் கிடக்கும் எலியும், அது சேர்த்துவைத்த நெல்லும் கிடைக்கும். தனியார் வயலுக்குள் வா என்று அழைக்கப்படும் இதே ஆள், பொது ஏரியில் தூண்டில் போட்டால் குத்தகைதாரர் துரத்துவார். காப்புக்காட்டில் தேனோ விறகோ எடுக்கப்போனால் ஃபாரஸ்டுக்காரர் மடக்குவார். அக்கம்பக்கத்தில் துப்புத் துலங்காத திருட்டு ஒன்று இருந்தால் அதுவும் அவர் தலையில் விழும். இத்தகைய பொய் வழக்குகளை எதிர்த்துத்தான் பேராசிரியர் பிரபா கல்விமணி திண்டிவனத்தில் இருந்துகொண்டு பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தை நடத்திவந்தார். காடும் ஏரியும் மூடிக்கொண்டபின் மிஞ்சியது செங்கல் சூளையும் சவுக்கு வெட்டும், அதற்கு முன்பே கைநீட்டி வாங்கிய அட்வான்ஸும். அட்வான்ஸுக்கு ஆளைப் பிணைப்பதைத் தடுக்கும் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததோ 1976-இல்.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வேட்டை உரிமையை மட்டும் குறிப்பிட்டு விலக்கிவிட்டு, மற்ற மரபுரிமைகளை ஏற்கிறது. வேட்டையை விலக்கியதில் எனக்குச் சண்டை இல்லை. அதே சட்டம் நீர்நிலைகளில் மீன் எடுப்பதைச் சமூக உரிமையாகச் சொல்கிறது. சரணாலயத்தையும் வனநிலமாகவே கணக்கில் எடுக்கிறது. உரிமைகோரல் தொடங்க வேண்டிய இடம் கிராம சபை. ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலமும் சான்றாகும் என்கின்றன விதிகள். இவ்வளவு இருந்தும் வேட்டைக்காரன் என்ற ஒரே சொல்லால் மீனையும் தேனையும் விறகையும் நடைபாதையையும் சேர்த்தே பூட்டிவைத்திருக்கிறோம்.

வருகிற அக்டோபர் 2 கிராம சபையில், மரக்காணம் பக்கத்துக்காரராக நீங்கள் இருந்தால், இருளர் குடும்பங்களின் மீன்பிடி உரிமையைத் தீர்மானமாக எழுதச் சொல்லிப் பாருங்கள். யார் முதலில் எழுந்து மறுக்கிறார், என்ன காரணம் சொல்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பறவைகளுக்காகத்தான் என்றால், கழுவேலிக்கு வரும் பறவைகளில் ஐந்தின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்.